கதவில் மாட்டிய கம்பி

நடைக்காரர் பகலில் வீட்டில் இருந்தார். அந்த வீட்டுக்கு அது பழக்கமே இல்லை. பகல் நேரத்தில் அவருடைய நாற்காலி பூனைக்குச் சொந்தம். இப்போது பூனை வாசற்படியில் உட்கார்ந்து அவரை முறைத்துக்கொண்டிருந்தது. அவர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அதே பூட்ஸ்தான்.

"தோல் உரிஞ்சிடப் போகுது, விடுங்க," என்றாள் மனைவி.

"சாப்டியா நீ?"

"ஊரே நம்மளை மென்னு துப்பிட்டிருக்கு. அதிலயே எனக்கு வயிறு நிறைஞ்சு போச்சு."

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அவள் ஏற்கனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவப் போனாள். குழாய்த் தண்ணீர் தகரத் தொட்டியில் விழும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. கோபம் வந்தால் அவள் கத்தமாட்டாள், குழாயைத் திறந்துவிடுவாள்.

அவர் வனக்காவலர். ஆபீஸ் தாள்களில் அவர் பதவிக்கு இன்னும் நீளமான பெயர் உண்டு. ஊரில் எல்லோருக்கும் நடைக்காரர்தான். மற்ற காவலர்களுக்கு மோட்டார் சைக்கிள் வந்தபோதும், பிறகு ஜீப் வந்தபோதும், அவர் நடப்பதை விடவில்லை. மழைக்காலத்தில் அட்டை கடிக்காமலிருக்க முழங்கால்வரை புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு போவார். வெயில் காலத்தில் ஈரத்துணி சுற்றிய பாட்டில். மடியில் காய்ந்த ரொட்டி, உப்பு, ஒரு வெங்காயம். திரும்பி வரும்போது தோளில் பெரும்பாலும் ஒரு கம்பிச் சுருள் இருக்கும்.

காட்டோரத்துத் தெருக்களில் கண்ணி வைக்காத வீடு அந்தக் காலத்தில் குறைவு. பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பியைச் சுருக்குப் போட்டு, பன்றி போகும் தடத்தில் ஒரு மரத்தோடு கட்டிவிடுவார்கள். தலையை விட்ட மிருகம் இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். நடைக்காரர் அப்படி ஒரு கம்பியைக் கண்டால் அறுத்து எடுப்பார். சுருக்கு இனி ஓடாதபடி அதன் கண்ணை மூன்று முறுக்காக முறுக்குவார். பிறகு கட்டியவன் யார் என்று கண்டுபிடிப்பார். அதொன்றும் பெரிய வித்தையில்லை. காட்டுக்குள் போனவன் டீக்கடையில் ஒருவிதமாகத்தான் உட்காருவான். விடியும்போது அந்தக் கம்பி அவன் வீட்டுக் கதவில் தொங்கும். வழக்கு இல்லை, அடி இல்லை, ஒரு வார்த்தைகூடப் பேச்சு இல்லை. கதவைத் திறந்தவன் பார்த்துக்கொள்ள வேண்டியது. மறுபடி கட்டினால் மட்டும் ஆபீஸ்.

இப்போது வேலை வேறு. காலையில் போனைத் திறந்து பொத்தானை அழுத்தினால்தான் டூட்டி தொடங்கும். அவர் நடக்க நடக்கப் போனில் சிவப்புக் கோடு ஒன்று கூடவே வரும். கோடு இல்லாத இடத்துக்கு அவர் போகவில்லை என்று அர்த்தம். கம்பியைக் கண்டால் தொடக்கூடாது. போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, தடயம் சேகரிக்கும் குழு வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் குழுவுக்கு எத்தனையோ காடுகள். மரங்களில் கேமராப் பெட்டிகள் இருக்கின்றன, எதிரே எது அசைந்தாலும் பிடித்துக்கொள்ளும். நடந்து பார்க்கிற வேலை போய், உட்கார்ந்து பார்க்கிற வேலையாக அது மாறிவிட்டது. பாதி நாள் சுற்றுலா ஜீப்புகளை நிறுத்தி, பாட்டிலைப் போடாதே, பாட்டை நிறுத்து என்று கெஞ்சுவதில் போய்விடும்.

அப்படி ஒரு கேமராவில்தான் நடைக்காரர் விழுந்தார்.

படம் இப்போது ஊரில் எல்லோர் போனிலும் இருந்தது. பனி மூடிய தடம். பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு மனிதன். தோளில் கம்பிச் சுருள், கையில் காதைப் பிடித்துத் தொங்கவிட்ட முயல். முகம் நன்றாகவே தெரிந்தது.

முயலைக் கம்பியிலிருந்து எடுக்கும்போதே அது செத்திருந்தது. கொஞ்ச தூரத்தில் குழி தோண்டிப் புதைத்துக் கல் வைத்துவிட்டு வந்தார். அதையெல்லாம் எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. குளிர் என்பதால் யூனிஃபார்முக்கு மேல் ஸ்வெட்டர். விடிவதற்கு முன் ஒரு நடை போய்வருவது பழைய பழக்கம் என்பதால் போனை எடுத்துப் போகவில்லை. அது வீட்டில் சார்ஜில் கிடந்தது. ஆபீஸ் கணக்குப்படி போன் வீட்டில் இருந்ததால் அவரும் வீட்டில்தான் இருந்தார். அப்படியானால் காட்டுக்குள் கம்பியோடு நடந்தது காவலர் அல்ல, திருடன். கேமராவை அந்தத் தடத்துக்கு மாற்றியது வெளியூர் ஒப்பந்த ஆட்கள். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

டூட்டிக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்து, விசாரணைக்கு அவரைக் கூப்பிட்டபோது மனைவியும் கூடவே போனாள். வேண்டாம் என்றார், கேட்கவில்லை.

அவருடைய மேலதிகாரியான ரேஞ்சர் அம்மாவுக்கு அவர்களுக்கு மகளாகும் வயதுதான் இருக்கும். மேஜையில் மூன்று கம்ப்யூட்டர் திரைகள். ஆறிப்போன டீ ஆடை கட்டியிருந்தது. கண் சிவந்து தூக்கமில்லாமல் தெரிந்தாள்.

"நீங்க திருடலைன்னு எனக்குத் தெரியும்," என்று எடுத்தவுடன் சொன்னாள். "ஆனா எனக்குத் தெரியறது மேலதிகாரிகிட்ட எடுபடாது. யார் வீட்டுக் கதவுல மாட்டினீங்க? அதைச் சொல்லுங்க. அந்த ஆள் வந்து ஒத்துக்கிட்டா இன்னிக்கே முடிஞ்சிடும்."

"சொல்ல மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"மாட்டினதும் அந்த விஷயம் முடிஞ்சுது. எப்பவும் அப்படித்தான்."

"என்ன முடிஞ்சுது? யாருக்கு முடிஞ்சுது?" அவள் ஒரு திரையை அவர் பக்கம் திருப்பினாள். இடுப்பில் கம்பி இறுகிய சிறுத்தை ஒன்று சரிவில் பாதி தொங்கிக் கிடந்தது. "போன மழைக்கு. ஞாபகம் இருக்கா? இந்தக் கம்பியைக் கட்டினவனுக்கும் நீங்க கதவுல மாட்டியிருக்கீங்க. அவனே ஸ்டேஷன்ல சொன்னான், 'நடைக்காரர் ஒரு தடவை விட்டுட்டார் மேடம்'னு. நீங்க விட்டீங்க. இது செத்துச்சு. விடிய விடியக் கத்திக்கிட்டே செத்துச்சு. அதுக்கு எந்தக் கதவுல போய் நான் மாட்டறது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சரிவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தப்பு என் பேர்லதான் மேடம். எழுதிக்கங்க. பேரை மட்டும் கேக்காதீங்க."

"அவருக்கு என்ன ஆகும்?" என்று மனைவி கேட்டாள்.

"ஆள் கிடைக்கலைன்னா வேட்டைக் கேஸ். இவர் பேர்ல. முந்தி மாதிரி இல்லம்மா, ஜாமீன்கூடச் சுலபமாக் கிடைக்காது." ரேஞ்சர் அம்மா ஆறின டீயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "அவருக்குப் புரிய வைங்க. எனக்கு இதுல சந்தோஷமா?"

 வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி குழாயைத் திறந்துவிட்டாள்.

"அந்தப் பாவி யாரு?"

"விடும்மா."

"முயலைத் தின்னப் பார்த்தவன் வீட்ல நிம்மதியாத் தூங்கறான். நீங்க ஜெயிலுக்குப் போகணும். அப்படி என்ன அவன் உங்களுக்கு? கூடப் பொறந்தவனா?"

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் குழாயை மூடினார். "தண்ணி வீணாகுது," என்றார்.

மறுநாள் காலையில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவர் சொல்லாவிட்டால் ஊர் சொல்லட்டும்.

முதலில் போனது தம்பியின் மெக்கானிக் கடைக்கு. கிளட்ச் கம்பி வேண்டுமென்றால் எல்லோரும் அவனிடம்தான் வருவார்கள். கடை வாசலில் எண்ணெய் ஊறிய மண் கறுத்துக் கிடந்தது. அவன் ஒரு வண்டியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். அக்காவைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"உக்காருக்கா. மாமா எப்படி இருக்காரு? எனக்குக் கை வேலையில ஓடவே மாட்டேங்குது. என்ன அநியாயம்! இத்தனை வருஷம் நடந்த மனுஷனை..."

"கம்பி யாரு வாங்கினா உன்கிட்ட? சமீபத்துல?"

"கம்பியா? யாராவது ஒருத்தன் வருவான், பழசு கிடக்கும், எடுத்துக்கிட்டுப் போவான். நான் என்ன கேட்டுக்கிட்டா இருக்கேன்?" ஸ்பேனரை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினான். "டீ சொல்லட்டுமா?"

"வேணாம்."

"அந்த ஆபீஸ் பொண்ணைச் சும்மா விடக்கூடாதுக்கா. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா காடு தெரிஞ்சிடுமா?"

தம்பியின் கோபம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அவனைக் கைக்குழந்தையாகத் தூக்கித் திரிந்தவள் அவள். அம்மா வேலைக்குப் போன பிறகு அவனுக்குக் கஞ்சி ஊட்டியதும் அவள்தான். 'நமக்குன்னு பேச இவனாவது இருக்கான்' என்று நினைத்துக்கொண்டே எழுந்தாள்.

அடுத்தது முடி வெட்டும் கடை. அங்கேதான் ஊர்ப் பேச்சு முழுவதும் சேரும். அவள் படியில் கால் வைக்கும்போது உள்ளே சிரிப்புச் சத்தம்.

"காட்டு முயல் கறி, வேக நேரமாகும். நடைக்காரர் வீட்ல கேஸ் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்திருக்கும்," என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தீரல. வேணும்னா வந்து தூக்கிப் பாருங்க," என்றாள் அவள்.

சிரிப்பு நின்றது. நாற்காலியில் இருந்தவர் முகம் முழுக்க நுரையோடு கண்ணை மட்டும் உருட்டினார். கடைக்காரர் கத்தியைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். கடையின் பெரிய கண்ணாடி சுவரில் ஒரு கம்பியில் தொங்கியது. கம்பியின் நுனியில் மூன்று முறுக்கு. அந்த முறுக்கை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள். அவள் வீட்டு வாளியின் கைப்பிடி, ஜன்னல் கொக்கி, விறகுக்கட்டு எல்லாம் அதே கையின் முறுக்குதான்.

"இது ஏது?"

"அது... பழசும்மா. எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி."

"யாரு குடுத்தா?"

"குடுத்தாருன்னு சொல்ல முடியாது." கடைக்காரரின் குரல் இறங்கிவிட்டது. "கதவுல இருந்துச்சு."

நுரைக்குள்ளிருந்து மற்றவர் சொன்னார்: "எனக்கும் ஒண்ணு உண்டு. நல்ல கம்பி. கோழிக்கூட்டுக் கதவுக்குப் போட்டேன், இன்னும் துருப்பிடிக்கல."

"நீ வாயை மூடு, வெட்டிடப் போறேன்."

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். 

"அப்போ உங்களுக்குத் தெரியும். கம்பியைக் கழட்டிக் கதவுல மாட்டறது அவர் வழக்கம்னு உங்க எல்லாருக்குமே தெரியும். ஒருத்தர் போய் ஆபீஸ்ல அந்த ஒரு வார்த்தை சொன்னீங்களா? போன்ல படத்தைப் பார்த்துச் சிரிக்க மட்டும் தெரிஞ்சுது."

"சொல்லலாம்மா. ஆனா எப்படித் தெரியும்னு கேப்பாங்களே. நான் கண்ணி வைச்ச கதையைச் சொல்லணும்..."

"சொல்லக் கூசுதா? அவரைத் திருடன்னு சொல்லும்போது மட்டும் கூசலையா? சிரைங்க, நல்லா சிரைங்க," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

அதன்பிறகு அவள் கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை, கண்ணே கண்டுபிடித்தது. தையல்காரி வீட்டில் அவரைக்கொடி ஏறியிருந்தது மூன்று முறுக்குக் கம்பியில். ஓட்டு வீட்டுக்காரரின் வாசல் கேட்டுக்கு அதே கம்பிதான் தாழ்ப்பாள். இட்டுக்கட்டிப் பேசும் கிழவரின் கைத்தடி உடைந்த இடத்தில் அதே கட்டு. எந்த வீடு என்று கண்டுபிடிக்கப் போனவளுக்கு எந்த வீடு இல்லை என்று தெரியவில்லை. தன் புருஷன் எத்தனை விடியல்களில் இந்தத் தெருக்களில் சத்தமில்லாமல் நடந்திருக்கிறார் என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. அது பெருமையாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கு அழுகைதான் வந்தது, அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது. இத்தனை பேரையும் காப்பாற்றியவரைக் காப்பாற்ற ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் குடிக்கலாம் என்று தம்பி வீட்டுக்குத் திரும்பினாள்.

தம்பி மனைவி பின்கட்டில் குழந்தைத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குழந்தை ஜமுக்காளத்தில் கால் உதைத்துக்கொண்டு கிடந்தது.

"வாங்கக்கா. என்ன இப்படி வேர்த்துப் போச்சு? உக்காருங்க, தண்ணி தரேன். இந்தக் கொடியைப் பாருங்க, எதைப் போட்டாலும் கறை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சுக் குடுங்கன்னா உங்க தம்பி காதுலயே வாங்க மாட்டேங்கறாரு." சின்ன வெள்ளைச் சட்டை ஒன்றை விரித்துக் காட்டினாள். தோள்பட்டையில் கறுப்பாக ஒரு கிரீஸ் கோடு.

இரண்டு தூண்களுக்கு நடுவே புதுக் கம்பி வெயிலில் மின்னியது. தூணோரத்தில் மூன்று முறுக்கு.

"இதை எப்போ கட்டினான்?"

"இப்பத்தான். ஒருநாள் காலையில கதவைத் திறக்கறேன், கதவுல தொங்குது. யாரோ கடைக்குக் கொண்டுவந்தது போலிருக்குன்னு சொல்லி இவரே இழுத்துக் கட்டினாரு. கயிறு அறுந்து கிடந்துச்சா, எனக்கும் வசதியாப் போச்சு. என்னக்கா, ஏன் நிக்கறீங்க?"

தண்ணீர் டம்ளரை வாங்கின கை அப்படியே நின்றது. 'கூடப் பொறந்தவனா' என்று தான் கேட்டதும், அவர் தன்னைப் பார்த்த பார்வையும், எழுந்து போய்க் குழாயை மூடியதும் வரிசையாக ஞாபகம் வந்தன.  அன்று அவள் தெரியாமலே சரியாகக் கேட்டுவிட்டிருக்கிறாள்.

கொடியில் கிடந்த துணிகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடித்து, தம்பி மனைவியின் தோளில் போட்டாள். பிறகு கம்பியை அவிழ்த்தாள். தூணில் கட்டிய கட்டு லேசில் அவிழவில்லை. விரலில் ரத்தம் வந்தது. தம்பி மனைவிக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "அக்கா, அது எங்களுக்குத் தெரியாது... அவரு சிநேகிதங்களுக்கு விருந்து..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கடைக்குப் போனாள். தூரத்தில் பார்க்கும்போதே தம்பி எழுந்து நின்றுவிட்டான்.

"பசியாடா?" என்றாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை.

"அக்கா..."

"வீட்ல சோறு இல்லையா? குழந்தைக்குப் பால் இல்லையா? என்கிட்ட வந்து கேட்டு நான் இல்லைன்னேனா?"

"பசங்க கேட்டாங்கக்கா. பன்னிக்குத்தான் வச்சேன். முயல் விழும்னு யாருக்குத் தெரியும். சும்மா ஒரு ஆசைக்கு..."

"காலையில ஸ்டூல் துடைச்சுப் போட்டியே. ஆபீஸ் பொண்ணைச் சும்மா விடக்கூடாதுன்னியே. எப்படிடா நாக்கு வந்துச்சு?"

"மாமாதான் சொல்ல மாட்டாரே, அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். சாட்சி இல்லாம விட்டுடுவாங்கன்னு..." அவன் அழத் தொடங்கினான். பெரிய உடம்பு, கிரீஸ் கை, முகத்தைத் துடைக்கத் துடைக்கக் கறுத்தது. "என்னை உள்ள வச்சிடுவாங்கக்கா. குழந்தை இருக்கு."

அவளுக்கு அவனை இழுத்து அணைத்துக்கொள்ளத் தோன்றியது. அறையவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"கையைக் கழுவிட்டு வா," என்றாள்.

பகல் வெயிலில், கடைகள் எல்லாம் திறந்திருக்கும் நேரத்தில், அவள் தெரு நடுவே நடந்தாள். தோளில் கம்பிச் சுருள். பின்னால் தம்பி.  கம்பியைப் பார்த்தவர்களுக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. தையல்காரி மெஷினை நிறுத்தினாள். டீக்கடையில் ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்தார், ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

ரேஞ்சர் அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். கம்பியையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"இவர் உங்க சொந்தத் தம்பி. அவருக்கு மச்சான். குடும்பத்துக்குள்ளயே பேசிவச்சு ஒருத்தரைக் காப்பாத்த ஒருத்தர் வந்திருக்கீங்கன்னு மேல சொல்லுவாங்க. கதவுல மாட்டற வழக்கம்னு ஒண்ணு இருந்ததுக்கு யாரு சாட்சி? அந்தச் சிறுத்தைக் கேஸ்காரன் பேச்சு எடுபடாது. உங்களுக்குச் சொந்தம் இல்லாத வெளி ஆள் ஒருத்தராவது சொல்லணும்."

"வெளி ஆளா?" அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பில்லை. "ஊர் முழுக்க இருக்கான் மேடம். வாய்தான் இல்ல."

அப்போது வாசலில் ஏதோ இடிபட்டது. முடி வெட்டும் கடைக்காரர் பெரிய கண்ணாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தார். பின்னால் ஒரு கன்னம் மழித்து ஒரு கன்னம் நுரையோடு அந்த வாடிக்கையாளர்.

"பாதியில விட்டுட்டு வந்துட்டான் மேடம்," என்றார் அவர்.

கடைக்காரர் கண்ணாடியைச் சுவரில் சாய்த்தார். மூச்சு வாங்கியது. "இந்தக் கம்பியைப் பாருங்க. நான் சின்ன வயசுல மானுக்கு வச்சது. நடைக்காரர் கழட்டி என் கதவுல மாட்டினார். அதுக்கப்புறம் நான் காட்டுப்பக்கம் போகல. முறுக்கைப் பாருங்க, அதே முறுக்கு. எனக்கு அவங்க சொந்தம் கிடையாது. இன்னிக்குக் காலையிலகூட அந்த அம்மா என்னைத் திட்டினாங்க. எழுதிக்கங்க." அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "முயல் கறின்னு பேசினதுக்கு மன்னிச்சிடும்மா."

ரேஞ்சர் அம்மா கண்ணாடியின் முறுக்கைப் போனில் படம் எடுத்தாள். சிறுத்தையின் படம் இன்னும் ஒரு திரையில் இருந்தது. அவள் அதை மூடவில்லை.

நடைக்காரர் வந்து சேர்ந்தபோது மச்சான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. வெளியே ஜீப் நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார். அவ்வளவு கோபத்தோடு அவர் அவளைப் பார்த்ததே இல்லை.

"யாருக்காக வாயை மூடிக்கிட்டு இருந்தேன் நான்? உனக்காக. நாளைக்கு நீ பொறந்த வீட்டு வாசலை மிதிக்கணுமேன்னு. நீயே கொண்டுவந்து விட்டுட்டியே!"

"நீங்க எதுக்குக் கதவுல மாட்டினீங்க?"

"எதுக்கா? அவனுக்கே வெட்கமா இருக்கட்டும்னு. அதுக்குத்தான் என்னிக்கும் மாட்டினேன்."

"அவன் அதுல துணி காயப்போட்டான்," என்றாள் அவள்.

 நடைக்காரர் மெல்ல மச்சானுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். வெகுதூரம் நடந்து வந்தவர்போல முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "மாமா," என்றான் அவன்.  அவனைக் கொண்டுபோகும் நேரத்தில் அவர் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவன் மடியில் வைத்தார். "லாக்கப்ல தரை குளிரும்," என்றார்.

ஜீப் போன பிறகு ரேஞ்சர் அம்மா வாசல்வரை வந்தாள்.

"நாளையிலேர்ந்து வாங்க. போனை எடுத்துக்கிட்டு வாங்க."

"கம்பியைக் கண்டா மேடம்?"

"போட்டோ எடுங்க." கொஞ்சம் யோசித்தாள். "எடுத்துட்டு உடனே அறுத்துடுங்க. குழுவுக்காகக் காத்திருக்க வேணாம். ஏன்னு கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா கதவுல மாட்டாதீங்க."

"இனிமே மாட்டல," என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சாயங்கால வெயில் இருக்கும்போதே மனைவி மறுபடி கிளம்பினாள். கையில் ஒரு தூக்குச்சட்டியில் சோறு, கக்கத்தில் புது நைலான் கயிறு ஒரு கட்டு.  அவள் வரும்வரை நடைக்காரர் பூனையை நாற்காலியிலிருந்து எழுப்பாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்.

தம்பி வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே போனவளைத் தம்பி மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஈரத்துணிகள் வாளியில் அப்படியே கிடந்தன.

"எதுக்கு வந்தீங்க? இன்னும் என்ன மிச்சம் இருக்கு, எடுத்துட்டுப் போறதுக்கு?"

அவள் தூக்கைத் திண்டில் வைத்தாள். பின்கட்டுக்குப் போய்க் கயிற்றின் ஒரு முனையை ஒரு தூணில் கட்டினாள்.

"என் புருஷனைக் கொண்டுபோய் உள்ள வச்சிட்டுக் கயிறு கட்ட வந்துட்டாங்க. நல்ல நாத்தனார்! உங்க சோறும் வேணாம், கயிறும் வேணாம்."

 வாயைத் திறந்தால் தானும் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். கடவுளே, இந்தப் பொண்ணு என்னைத் திட்டட்டும், எவ்வளவு வேணுமோ திட்டட்டும், சாப்பிட மட்டும் செய்யட்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். மறுமுனையை அடுத்த தூணில் கட்டினாள். அறுபட்ட விரலால் இறுக்க முடியவில்லை. குழந்தையின் சின்னச் சட்டையைப் பிழிந்து விரித்தாள். கயிறு தொய்ந்து இறங்கியது.

தம்பி மனைவி கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அதே கோபத்தோடு சொன்னாள்:

"இறுக்கிக் கட்டுங்க. துணி தரையில படுது."

சொல்லிவிட்டு வந்து, கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள்.